சபையில் எழும்பிப் போனவர்: ஒரு லண்டன் தேர்ப் பயணம்

நான் லண்டனுக்குப் போவதென்றால் வழக்கமாக ஒரு கலியாணவீடோ செத்தவீடோ காரணமாக இருக்கும். போன ஆடி மாதம் போனதற்குக் காரணம் ஒரு வெள்ளைக்காரர். இதை வாசித்தவுடன் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது, உங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

என் தம்பி தயாளன் தெற்கு லண்டனில், சட்டன் என்ற இடத்தில் இருக்கிறான். ஜெர்மனியில் எங்களோடு பன்னிரண்டு வருடம் இருந்தவன், லண்டனில் பெண் எடுத்து அங்கேயே போய்விட்டான். இப்போது குழாய் வேலை செய்யும் சின்னக் கம்பனி ஒன்று வைத்திருக்கிறான். அதோடு கோயில் செயலாளர் வேலையும் பார்க்கிறான். முதலாவதில் வருமானம், இரண்டாவதில் தலையிடி. தேருக்கு மூன்று கிழமை இருக்கும்போது டோர்ட்முண்டில் இருந்த எனக்கு போன் எடுத்தான்.

“அக்கா, இந்தமுறை நீ கட்டாயம் வா. லோகன் ஐயாவைத் தேருக்குக் கூப்பிடோணும் எண்டு வதனி ஒரே பிடியிலை நிக்கிறா. அவர் தேர் முடிஞ்ச அடுத்த நாள் ஸ்கொட்லாந்துக்குப் போறார், இனித் திரும்பி வரமாட்டார். சபாநாதன் அண்ணை ஏலவே ஏலாது எண்டு நிக்கிறார். நீ வெளியாள். நீ கதைச்சால் கேப்பார்.”

லோகன் என்றதும் நம்முடைய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கொட்லாந்தில் அது ஒரு குடும்பப் பெயராம். வதனி என் தம்பியின் மனைவி. அவள் அகதியாக லண்டனில் வந்து இறங்கியபோது அவளுடைய வழக்கைப் பேசிய சட்டத்தரணி இந்த லோகன். பிறகு அவர் கவுன்சில் எனப்படும் நகரசபையில் கவுன்சிலரானார், கவுன்சிலின் தலைவரானார், ஒரு வருடம் கழுத்தில் சங்கிலி போட்ட மேயராகவும் இருந்தார். எந்தக் கவுன்சில் என்று எழுதமாட்டேன், தம்பி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். சட்டனுக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சபாநாதன் அண்ணை கோயிலின் தலைவர், எங்களுக்குத் தூரத்து உறவு. அவர் ஏன் ஏலாது என்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். கோயில் விசயம் கவுன்சில் சபைக்கு வந்த அன்று, இதே லோகன் எழும்பி வெளியே போனவர். லண்டனிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரும் இந்தக் கதையைச் சொல்லாமல் திரும்பியதில்லை.

“அப்பிடிப்பட்டவரை இப்ப ஏன் கூப்பிடுறாய்? நீ எலெக்சன் கேக்கப் போறியோ?” என்று தம்பியைக் கேட்டேன்.

தம்பி குரலைத் தாழ்த்தினான். “அது வேற கதை, அக்கா.”

வேற கதை என்று ஒருவர் சொன்னால் அது அதே கதைதான். உடனே ரிக்கற் போட்டேன்.

இனிப் பயண விவரம். டியூசல்டோர்பிலிருந்து ஹீத்ரோவுக்குப் போகவர 148 யூரோ, கைப்பை மட்டும். பறக்கும் நேரம் ஒரு மணி இருபது நிமிடம். ஜெர்மன் பாஸ்போட் வைத்திருப்பவர்களும் இப்போது போவதற்கு முன் இணையத்தில் பயண அனுமதி எடுக்கவேண்டும். நான் எடுத்தபோது பதினாறு பவுண். இதே அனுமதியை நாற்பது, ஐம்பது பவுணுக்கு விற்கும் தளங்கள்தான் தேடும்போது முன்னுக்கு வந்து நிற்கின்றன. அரசாங்கத்தின் தளம்தானா என்று இரண்டு முறை பாருங்கள். நான் நான்கு முறை பார்த்தேன்.

ஹீத்ரோவிலிருந்து சட்டனுக்கு ரயிலில் போனால் நகரத்துக்குள் போய்த் திரும்பி வரவேண்டும். விமான நிலையத்தின் நடுப் பஸ் நிலையத்திலிருந்து எஸ்எல்7 பஸ் நேராகச் சட்டனுக்குப் போகிறது. ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர், எனக்கு ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் எடுத்தது, கட்டணம் 1.75 பவுண். இந்த விலையை நான் நம்பவில்லை. சாரதியிடம் இரண்டு முறை கேட்டேன். அவர் இரண்டு முறையும் ஆங்கிலத்தில் ஓம் என்றார். நான் எனக்குள்ளே, “உவன் பாதி வழியிலை இறக்கிவிடுவானோ?” என்று முணுமுணுத்தேன்.

“இறக்கமாட்டன் அக்கா, பின்னாலை ஆக்கள் நிக்கினம், ஏறுங்கோ,” என்றார் சாரதி.

லண்டனில் வாயைத் திறக்குமுன் சாரதியின் முகத்தைப் பாருங்கள். சட்டன் வரும்வரைக்கும் அந்தத் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் தம்பி முழுக்கதையையும் சொன்னான். கோயில் கட்டடம் வாங்கியபோது ஊரிலிருந்து தேர் செய்வித்துக் கப்பலில் எடுத்தார்கள். தேர் வந்தது, விடுவதற்கு இடம் இல்லை. கோயிலின் பின்பக்கம் உயரமாக ஒரு கொட்டகை போடக் கவுன்சிலிடம் அனுமதி கேட்டார்கள். அயல்வீட்டுக்காரர் வெளிச்சம் மறைக்கும் என்று எதிர்த்தார்கள். அப்போது கட்டட அனுமதி கொடுக்கும் குழுவில் லோகன் ஓர் உறுப்பினர். அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் சபாநாதன் அண்ணை இருபது பேரோடு வேட்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்வையாளர் இருக்கைகளை நிரப்பினார்.

“எங்கட விசயத்தை வாசிச்ச உடனை அவர் எழும்பினவர். என்னவோ ரெண்டு வசனம் சொன்னவர். கதவைத் திறந்துகொண்டு வெளியிலை போட்டார். ஒரேயொரு வாக்காலை தோத்தது, அக்கா.”

ஒரு வாக்கு. அதற்குப் பிறகு தேர் நான்கு மாரிக்குக் கார் தரிப்பிடத்தில் தறப்பாளின் கீழ் கிடந்து நனைந்தது. உயரத்தைக் குறைத்து மறுபடி விண்ணப்பித்துத்தான் கொட்டகை கிடைத்தது. அந்த உயரம் தேருக்குப் போதாது. அதனால் ஒவ்வொரு வருடமும் தேர் முடிந்ததும் மேல் முடியைக் கழற்றி, உடலை மட்டும் உள்ளே தள்ளுகிறார்கள்.

எங்களுடைய ஆட்களைத் தெரியும்தானே. சபையில் ஒருவர் எழும்பிப் போவதைவிடப் பெரிய அவமானம் நமக்கு இல்லை. கலியாணவீட்டுப் பந்தியில் எழும்பிப் போனவர்களோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே இருக்கின்றன. நானும் சபாநாதன் அண்ணையின் பக்கம்தான். வதனியிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

அவள் கோபப்படவில்லை. “மச்சாள், நாளைக்கு என்னோடை வாங்கோ. முதல்லை அவரின்ர பழைய ஒஃபிசைக் காட்டுறன். பிறகு அவரைக் காட்டுறன். அதுக்குப் பிறகு சொல்லுங்கோ.”

மறுநாள் புதன்கிழமை கிழக்கு லண்டனில் உள்ள பிளேஸ்டோவுக்குப் போனோம். சட்டனிலிருந்து விக்ரோறியாவுக்கு ரயில், அங்கிருந்து பச்சை நிற டிஸ்ட்ரிக்ட் லைன். ஒரு மணி இருபது நிமிடம் பிடித்தது. காலை ஒன்பதரைக்குப் பிறகு ஏறினால் கட்டணம் குறைவு. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு கோழிப்பொரியல் கடை. அதன் பக்கத்தில் ஒடுங்கிய கதவு, உள்ளே மாடிப்படி. மேலே லோகனின் ஒஃபிஸ் இருந்த இடத்தில் இப்போது போன் திருத்துகிறார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, படம் எடுக்காதீர்கள்.

வதனி அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சொந்தமென்று ஒருவரும் இல்லை. “விடிய ஆறுமணிக்கே வந்து இந்தப் படியிலை இருப்பன் மச்சாள். வாறவர், என்னைத் தாண்டிப் போகமாட்டார். அவரும் படியிலை இருந்திடுவார். என்ர கதையை முதல்முதல் இந்தப் படியிலைதான் சொன்னனான். கோட்டிலை வழக்கு நடக்கேக்கை ஒருநாள் முழுக்க எனக்காக நிண்டவர். அவரைப்போய் எழும்பிப் போறவர் எண்டால் நான் எப்பிடி நம்புறது?”

எனக்கு மனம் இளகியது என்று சொன்னால் அது பொய். அகதிகளைத் தலைக்கு இவ்வளவு என்று எண்ணிச் சம்பாதித்த சட்டத்தரணிகளை ஜெர்மனியில் கண்ணால் கண்டவள் நான். நம்முடைய வழக்குகளைப் பேசிப் பெயர் எடுத்து, அந்தப் பெயரை வைத்து அரசியலுக்குப் போய், பதவி வந்ததும் நம்மையே கைவிட்டார் என்றால், எல்லாம் சரியாகப் பொருந்துகிறது அல்லவா? ரயிலில் திரும்பும்போது வதனி லோகனுக்கென்று சுட்ட வடைகள் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் கேட்கவேண்டிய கேள்விகளை அடுக்கிக்கொண்டு வந்தேன்.

ரயிலால் இறங்கி நேரே லோகனிடம் போனோம். நிலமட்டத்தில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். மனைவி இறந்துவிட்டார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஸ்கொட்லாந்தில் இருக்கும் மகள் கூட்டிக்கொண்டு போகிறாள். சுவரோரம் முழுக்கக் கட்டிய பெட்டிகள். உயர்ந்த மனிதர், இப்போது கொஞ்சம் கூனல். தேநீர் ஊற்ற வதனியை விடவில்லை, தானே ஊற்றினார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதி விளங்கவில்லை. ஒளித்துப் பேசுகிறாரோ என்றுகூட நினைத்தேன். வதனிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அவள் ஆங்கிலம் பழகியதே இவரிடம்தான், அவளுடைய உச்சரிப்பும் இவருடையதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் சொல்லச் சொல்ல விளங்கிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன்.

வட ஸ்கொட்லாந்தில் மீன்பிடிக்கும் ஊர் ஒன்றில் பிறந்தவர். அங்கே சட்டம் படித்துச் சட்டத்தரணியானார். மனைவிக்கு லண்டனில் வேலை கிடைத்ததால் வந்தார். ஸ்கொட்லாந்துச் சட்டம் வேறு, இங்கிலாந்துச் சட்டம் வேறாம். அதனால் முப்பது வயதுக்கு மேல் மறுபடி சோதனை எடுத்தார். இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. என்னுடைய யாழ்ப்பாணத்து ஆசிரியப் பயிற்சி ஜெர்மனியில் செல்லாது என்று நானும் இரண்டாம் முறை படித்தவள். மரியாதையை வெளியே காட்டாமல் முதல் கேள்வியைக் கேட்டேன். தமிழருக்காக ஏன் இவ்வளவு பாடுபட்டீர்கள், உங்களுக்கு என்ன கிடைத்தது?

“அந்த வழக்குகளுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. அதிகம் இல்லை, ஆனால் கொடுத்தது. எனக்கு அறை வாடகை கட்டவேண்டியிருந்தது,” என்றார்.

அவர் சொன்னதில் நான் நம்பிய முதல் வசனம் அது. உங்கள் மக்கள்மேல் எனக்கு அன்பு என்று ஆரம்பித்திருந்தால் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பியிருப்பேன்.

“அப்படியென்றால் எங்கள் கொட்டகை விசயம் வந்தபோது ஏன் எழும்பிப் போனீர்கள்?”

அவர் வதனியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அந்தக் கட்டடத்தை அவர்கள் வாங்கியபோது சட்டத்தரணி நான்தானே. ஒருவர் தனக்குச் சம்பந்தம் உள்ள விசயம் வந்தால், சம்பந்தம் உண்டு என்று சபையில் சொல்லிவிட்டு வெளியே போகவேண்டும். அதுதான் விதி. நான் இருந்து வாக்களித்திருந்தால் அந்த முடிவையே ஒருவர் நீதிமன்றத்தில் உடைத்திருக்கலாம். கோயில் கவுன்சிலரை வாங்கிவிட்டது என்று உங்களைத்தான் சொல்லியிருப்பார்கள்.”

“ஒரு வாக்கால் தோற்றது.”

“தெரியும். கதவுக்கு வெளியே நின்றேன்,” என்றார். “என்னுடைய வாக்கு அங்கே இருக்கவில்லை, அதனால் அது குறையவும் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.”

பதவியில் இருந்த காலம் முழுவதும் அவர் தேருக்கு வரவில்லை. மேயராக இருந்தபோது வதனி கொண்டுபோன பலகாரத்தைக்கூட வாங்கவில்லை. நாளைக்கு யாருடைய விசயம் தன் முன்னால் வருமோ, அவர்கள் வீட்டில் சாப்பிடக்கூடாது என்பது அவருடைய கணக்கு. நம்மவர்கள் அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு வந்திருக்கலாமே என்று கேட்டேன். “ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது?” என்றார்.

வதனியின் வடையை இப்போது எடுத்துக் கடித்தார். ஒன்றை முடித்துவிட்டு இரண்டாவதையும் எடுத்தார். “அந்தத் தேர் நகர்வதை நான் பார்த்ததே இல்லை. போவதற்கு முன் ஒருமுறை அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்கவேண்டும் என்று ஆசை. ஆனால் அது அவர்களுடைய தேர்.”

வதனி முகத்தைத் துடைத்தாள். எனக்கும் இரக்கம் வந்தது. ஆனால் சட்டத்தரணியின் நாக்கு அது, நாற்பது வருடம் கதைத்தே சாப்பிட்ட நாக்கு. அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். “அந்தக் குழுவின் கூட்டத்துக்கு யாரும் போகலாம். ஒரு மாலை இருந்து பாருங்கள். ஒருவராவது எழும்பிப் போவார்.”

இலவசமாக லண்டனில் என்ன பார்க்கலாம் என்று பலர் எழுதுகிறீர்கள். அருங்காட்சியகம், பூங்கா எல்லாம் நீங்களே அறிவீர்கள். கவுன்சில் கூட்டமும் இலவசம். கவுன்சிலின் இணையத்தளத்தில் நாளும் நேரமும் இருக்கும், முன்பதிவு தேவையில்லை. என் அதிர்ஷ்டத்துக்கு அடுத்த நாள் வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு அதே குழு கூடியது. நான் சபாநாதன் அண்ணையை அழைத்தேன். அவரிடம் சமாதானம் பேசப் போனால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார். அதனால் வேறு மாதிரிக் கேட்டேன். “அண்ணை, உங்களை அவமானப்படுத்தின இடத்தை எனக்கு ஒருக்கால் காட்டுங்கோவன்.”

“வா பிள்ளை, நான் இருந்த கதிரையையே காட்டுறன்,” என்றார்.

காட்டினார். பஸ்ஸில் போகும்போதே முழுக்கதையும் மறுபடி சொன்னார். “உந்தத் தேர்முடியைக் கழட்டுற ஒவ்வொரு வருசமும் எனக்கு அந்தாளின்ர முதுகுதான் ஞாபகத்துக்கு வரும். முகம் மறந்துபோச்சு. முதுகு மறக்கேல்லை.”

மண்டபத்தில் எங்களைத் தவிர ஆறு பேர். முதல் இரண்டு விண்ணப்பங்களும் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. அண்ணை நித்திரை தூங்கினார். மூன்றாவது யாரோ ஒருவர் தன் வீட்டின் மேல்மாடியைப் பெருப்பிக்கும் விசயம். அதை வாசித்ததும் குழுவில் இருந்த ஒரு பெண் கவுன்சிலர் எழும்பினார். இரண்டு வசனம் சொன்னார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏன் உவா போறா? என்ன, கோவமோ?”

“விண்ணப்பம் போட்டது அவவின்ர பக்கத்து வீடாம். தனக்குச் சம்பந்தம் இருக்கெண்டு சொல்லிப்போட்டுப் போறா.”

அண்ணை விண்ணப்பம் போட்ட மனிதரைப் பார்த்தார். அந்த மனிதர் கோபப்படவில்லை, கையைக் கட்டிக்கொண்டு சாதாரணமாக இருந்தார். குழுத் தலைவர் ஒன்றும் நடக்காததுபோல அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கதைத்தார்கள், கை உயர்த்தினார்கள், முடிந்தது. ஓர் உத்தியோகத்தர் போய்க் கதவைத் திறந்தார். அந்தப் பெண் உள்ளே வந்து, தன் கதிரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தார்.

அண்ணை நெடுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை,” என்றார் கடைசியில். “அண்டைக்கு அவரும் திரும்பி வந்திருப்பாரோ?”

“நீங்கள் காணேல்லையோ அண்ணை?”

“நாங்கள் எங்கை நிண்டனாங்கள்? தோத்த உடனை இருபது பேரும் ஒண்டா எழும்பி வெளியிலை போட்டம். கூட்டம் முடியக்கூட இல்லை. அந்தாள் கதவடியிலைதான் நிண்டவர். என்னவோ சொல்ல வாயெடுத்தவர். நான் பாக்காமல் போனனான்.” கொஞ்சம் பொறுத்து, “சபையிலை எழும்பிப் போனது நாங்கள் எல்லே,” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குச் சட்டம் விளங்கியதா, அல்லது அந்த ஒரு வாக்கு இன்னும் குத்திக்கொண்டிருந்ததா என்று என்னால் சொல்லமுடியவில்லை. இறங்கும்போதும் கூப்பிடுவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் தம்பி போனையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் வரவில்லை. என் வழக்கப்படி நான் கெட்டதையே எதிர்பார்த்தேன்.

சனிக்கிழமை பகல் அண்ணை வந்து வதனியைக் கூப்பிட்டார். பட்டு வேட்டி, சால்வை, கையில் வெற்றிலை பாக்கு வைத்த தட்டம். கோயில் அழைப்பு என்றால் முறையாகத்தானே கொடுக்கவேண்டும். நானும் தொற்றிக்கொண்டு போனேன். அந்தக் கோலத்தில் பஸ்ஸில் ஏறிய அவரை எல்லோரும் பார்த்தார்கள், அவர் ஒருவரையும் பார்க்கவில்லை.

லோகன் கதவைத் திறந்தார். இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மன்னிப்பு என்ற சொல் அங்கே வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் ஆம்பிளையின் வாயில் அது எப்போது வந்தது? அண்ணை தட்டத்தை நீட்டினார். தன்னுடைய ஆங்கிலத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, தமிழிலேயே சொன்னார்.

“நாளைக்குக் காலமை ஒன்பதரைக்குத் தேர் இழுக்கிறம். நேரத்துக்கு வாங்கோ. சப்பாத்து போடேலாது.”

வதனி மொழிபெயர்த்தாள். கடைசி வசனத்தையும் விடவில்லை. லோகன் இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெட்டிகளுக்கு நடுவே ஏந்திக்கொண்டே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஒன்பது மணிக்கே தெரு நிறைந்துவிட்டது. தேங்காய் உடைக்கும் இடத்தில் தேங்காய் மலையாகக் குவிந்திருந்தது, தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றினார்கள். தேர் முடியோடு நின்றது. நான் அதை அப்படி முழுதாகப் பார்த்தது அன்றுதான், கண் கலங்கிவிட்டது. லோகன் பழைய கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, சப்பாத்தையும் காலுறையையும் வதனியிடம் கொடுத்துவிட்டுத் தாரில் வெறுங்காலோடு நின்றார். கால் சுட்டிருக்கும், ஆனால் முகத்தில் காட்டவில்லை.

போட்டோக்காரர் வந்ததும் தம்பி மெல்ல அவருக்குப் பக்கத்தில் நகர்வதைக் கண்டேன். நான் அவனுடைய வேட்டித் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். “நீ எலெக்சன் கேக்கிற ஆள். உனக்கு இதிலை சம்பந்தம் இருக்கு. தள்ளி நில்.”

“அக்கா, ஒரேயொரு படம்...”

“வெளியிலை போ.”

போனான். தண்ணீர்ப்பந்தலில் நின்று மோர் ஊற்றினான். அவன் வெல்லுவானோ எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்தப் படத்தில் அவன் இல்லை.

சபாநாதன் அண்ணை வடத்தின் முன் நுனிக்கு லோகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மைக்கில் அவருடைய பெயரைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு பக்கம் கைதட்டியது, ஒரு பக்கம் முணுமுணுத்தது. முணுமுணுத்த பக்கத்தை லோகன் பார்த்தார். மைக்கைத் தரும்படி கையை நீட்டினார். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

எனக்கு அது விளங்கியது. வியாழக்கிழமை அந்தப் பெண் கவுன்சிலர் சொன்ன அதே வசனம். இந்த விசயத்தில் எனக்குச் சம்பந்தம் உண்டு.

அண்ணைக்கும் விளங்கியது. திடுக்கிட்டுத் திரும்பி அவருடைய கையைப் பிடித்தார். மனிதர் இப்போதும் எழும்பிப் போய்விடுவாரோ என்று பயந்ததுபோல இருந்தது. லோகன் குனிந்தார். வடத்தை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்றார். அரோகரா என்று சத்தம் எழும்பியது, சில்லு உருண்டது. அவர் போட்டிருந்த கோட் தோளில் இழுபட்டது. அண்ணை அவருக்குப் பின்னால் வடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார், இந்தமுறையும் அவர் பார்த்தது அந்த முதுகைத்தான். தெருமுனை வரைக்கும் விம்மி விம்மி அழுதுகொண்டே போனார். நானும் அழுதேன், ஒளிக்க ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை லோகன் வடக்கே போனார், நான் கிழக்கே வந்தேன். அவரை முழுக்க நம்பிவிட்டீர்களா என்று வழியனுப்பும்போது வதனி கேட்டாள். நம்பினேன். ஆனால் தம்பியை இன்னும் நம்பவில்லை என்பதையும் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தேர்க்காலத்தில் சட்டன் பக்கம் தங்க இடம் கிடைப்பது கஷ்டம், உறவினரை முன்கூட்டியே பிடியுங்கள். பஸ்ஸுக்குக் காசு வாங்கமாட்டார்கள், வங்கி அட்டை வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் அடுத்த பஸ் ஏறினால் மறுபடி கட்டணம் எடுக்காது. ஆளுக்கு ஓர் அட்டை வைத்திருங்கள், ஒரே அட்டையை இரண்டு பேர் தட்டினால் கணக்குக் குழம்பும். திரும்பும் நாளில் நேரம் இருந்தால் சவுத்தாலில் இறங்கிச் சாப்பிடலாம், அங்கிருந்து எலிசபெத் லைனில் ஹீத்ரோ மிகக் கிட்ட. தேருக்குப் போனால் தண்ணீரும், கழற்றிய செருப்பைப் போட ஒரு பையும் கொண்டுபோங்கள். கால் சுடும்.

கவுன்சில் கூட்டம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் போனை நிறுத்திவிட்டு, கதவு தெரியும் கதிரையில் இருங்கள். உங்களுடைய விசயம் தோற்றாலும் உடனே எழும்பிவிடாதீர்கள். வெளியே போனவர் திரும்பி உள்ளே வரும்வரைக்கும் இருங்கள்.